பட்டா இருந்தும் வீடு கட்ட முடியாத மனை: கடற்கரை விதி செய்தது சரியா?

நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கிராமம் ஒன்றில் உங்கள் தந்தை 1995-இல் வாங்கிய ஒன்றரை கிரவுண்டு மனையில் வீடு கட்ட விண்ணப்பித்தீர்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் வளர்ச்சித் தடைப் பகுதிக்குள் வருகிறது என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருக்கும்போது இது பகற்கொள்ளை இல்லையா என்று கோபமாகக் கேட்கிறீர்கள். அந்தக் கோபத்துக்குள் இருக்கும் இன்னொரு கேள்வி, இதற்கு அரசிடம் நஷ்டஈடு வாங்க முடியுமா என்பது. கடலோர நில வழக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வரும் வழக்கறிஞன் என்ற முறையில் நஷ்டஈட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்: இன்றைய சட்ட நிலையில் கிடைப்பது மிகவும் கடினம். பகற்கொள்ளையா என்பதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல் இது நேற்று வந்த விதி இல்லை. கடற்கரையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்று இந்திரா காந்தி 1981-இலேயே கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1986-இல் வந்த சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கான முதல் அறிவிக்கை வெளியானது. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி எட்டும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புது வீடு கூடாது. ஆக உங்கள் தந்தை வாங்கும்போது விதி இருந்தது. ‘வாங்கிய பிறகு விதியை மாற்றிவிட்டார்கள்’ என்று நீதிமன்றத்தில் வாதிட இடமில்லை.

ஆனால் விதி இருந்ததே தவிர, கோடு இல்லை. மாநிலங்கள் ஓராண்டுக்குள் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களைத் தயாரிக்க வேண்டும் என்று அறிவிக்கை சொன்னது. ஐந்தாண்டுகள் கழித்து, 1996 ஏப்ரலில், வரைபடங்கள் இறுதியாகாமலே கிடப்பதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதன் பிறகே, அந்த ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாட்டின் வரைபடங்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. உங்கள் தந்தை 1995-இல் எந்த அலுவலகத்துக்குப் போய் ‘என் சர்வே எண் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா’ என்று கேட்டிருந்தாலும், அவரிடம் எடுத்துக் காட்ட ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்றுகூட இருந்திருக்காது. கோட்டை வரையாமலே ‘கோட்டைத் தாண்டாதே’ என்ற அரசு, தாண்டியவரைத் தண்டிப்பதில் மட்டும் சுணங்கவில்லை. இந்த விதியின் மீது எனக்குள்ள முதல் குறை இதுதான். விதியின் நோக்கத்தில் எனக்குக் குறையே இல்லை. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த எவரும் கடலை ஒட்டி வரிசையாகக் காங்கிரீட் சுவர் எழுப்பலாம் என்று சொல்ல மாட்டார்கள். மணல் மேடுகளை வெட்டிச் சமன்படுத்தி, ஆழ்துளைக் கிணறு இறக்கி, உப்பு நீரை உள்ளே இழுத்துக்கொண்ட ஊர்கள் இதே சாலையோரம் இருக்கின்றன.

வரைபடம் வந்த பிறகாவது தெளிவு வந்ததா? அந்த வரைபடத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். அதன் அளவுகோல் 1:25,000. அதாவது காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால் அந்த மையின் அகலமே பன்னிரண்டரை மீட்டர். உங்கள் மனையின் அகலம் அநேகமாக அதைவிடக் குறைவாக இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மனை வழக்கில் இதைத்தான் எதிர்கொண்டேன். அலுவலகத்தில் கிராம வரைபடத்தின் நகல் மீது திட்ட வரைபடத்தைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். சிவப்புக் கோடு அவருடைய மனையை முழுவதுமாக மூடியிருந்தது. கோட்டின் எந்த ஓரத்திலிருந்து 200 மீட்டரை எண்ணினீர்கள் என்று கேட்டதற்கு அங்கே பதில் இல்லை. புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் படம்) எல்லைக் கற்களையும் வைத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் மூலம் 1:4,000 அளவில் தனியாக வரைபடம் தயாரித்தோம். மனையின் பின்பாதி வெளியே வந்தது. பின்பாதியில் கட்ட அனுமதி கிடைத்தது. அந்த வரைபடத்துக்கு ஆன செலவு முழுக்க அவருடையது. அரசு போட்ட கோட்டை அரசுக்கே புரியவைக்க, ஓய்வூதியத்தில் வாழ்பவர் பணம் கட்ட வேண்டியிருந்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வருவோம். நிலம் கைமாறும் ஒவ்வொரு முறையும் அரசு முத்திரைத் தீர்வை வாங்குகிறது. வழிகாட்டி மதிப்பை நிர்ணயிப்பதும் அரசுதான். அந்த மதிப்பில் கடலுக்கு அருகே இருப்பதால் மனைக்குக் கூடுதல் விலைதான் தெரியுமே தவிர, அதில் வீடு கட்ட முடியாது என்பது தெரியாது. பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் இதைப் பற்றி ஒரு குறிப்பும் வருவதில்லை. பதிவுத் துறையால் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவை வைத்துக்கொண்டு கோயில் நிலங்களின் பதிவைத் தடுக்கிறார்கள். 2016 அக்டோபர் 20 முதல் அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளின் பதிவையும் அதே பிரிவு தடுக்கிறது. மனது வைத்தால் ஒரு சர்வே எண்ணைப் பூட்ட முடிகிறது. பூட்டச் சொல்லிக்கூட நான் கேட்கவில்லை. ‘இந்த உட்பிரிவு வளர்ச்சித் தடைப் பகுதியில் உள்ளது’ என்று வில்லங்கச் சான்றில் ஒரு வரி அச்சிட்டால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால், விஷயம் தெரிந்தவர் விற்றுவிட்டு நகர்கிறார், தெரியாதவர் வாங்கி மாட்டிக்கொள்கிறார். கடைசியாக வாங்கியவரின் தலையில்தான் முழுச் சுமையும் விழுகிறது.

இதில் பலரும் பேசாத ஒன்று, கோடு நகரும் என்பது. உயர் ஓதக் கோடு என்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரு ஓதத்தில் தண்ணீர் எட்டும் உச்ச எல்லை. சோழமண்டலக் கரையில் மணல், ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே ஒரு துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் தடுப்புச் சுவர் கட்டிய பிறகு நகரின் கடற்கரை மணல் காணாமல் போனது. அரிப்பு வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் மீனவக் கிராமங்களுக்கும் பரவியது. துறைமுகம் கட்டுவதற்குக் கடற்கரை விதியில் அனுமதி உண்டு. கடலோடு நேரடித் தொடர்புள்ள திட்டம் என்பதால் அதற்குத் தனி வழி. அந்தத் துறைமுகத்தால் கடல் உள்ளே வந்து, கோடு நகர்ந்து, 210 மீட்டரில் இருந்த மனை 190 மீட்டருக்கு வந்துவிட்டால் கட்டும் உரிமையை இழப்பது மனைக்காரர். கடலை நகர்த்தியவருக்கு ஒரு நோட்டீஸும் போகாது. உங்கள் மனையில் இப்படி நடந்திருக்கிறதா என்பதை ஆவணங்களைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் 1996 வரைபடத்தையும் பிறகு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

விதியும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1991 அறிவிக்கை 20-க்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டது. 2011 ஜனவரியில் அதற்குப் பதிலாகப் புதியது வந்தது. 2019 ஜனவரியில் அதற்கும் பதிலாக இன்னொன்று. இந்த 2019 அறிவிக்கை கிராமப்புறக் கடற்கரையை இரண்டாகப் பிரிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் தடை 50 மீட்டர்தான். அதற்குக் குறைவான இடங்களில் பழையபடி 200 மீட்டர். இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே கடல், ஒரே மணல், ஒரே அலை. இந்த ஊரில் ஆள் நெருக்கம் ஒரு மயிரிழை கூடுதல் என்பதால் 60 மீட்டரில் வீடு கட்டலாம். பக்கத்து ஊரில் ஒரு மயிரிழை குறைவு என்பதால் 190 மீட்டரிலும் கூடாது. சுனாமி அலை சென்சஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டா வரும்? இதே அறிவிக்கை, சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களை உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் போட்டுக்கொள்ள வழிவிடுகிறது. குடில் தற்காலிகம், வீடு நிரந்தரம் என்ற வித்தியாசத்தை ஏற்கிறேன். ஆனால் சூழல் காப்பு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இத்தனையும் என்று சொல்லும்போது, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

விதியை மீறிக் கட்டியவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதிலும் சீர்மை கிடையாது. கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் கட்டட அனுமதி கொடுத்தது உள்ளூர்ப் பஞ்சாயத்து, 2006-இல். பிறகு அதைத் திரும்பப் பெற முயன்றபோது கேரள உயர் நீதிமன்றம் கட்டுநர்கள் பக்கம் நின்றது. குடும்பங்கள் கடன் வாங்கிக் குடியேறின. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. இதில் வேதனையான விஷயம், அந்தத் தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே, பிப்ரவரியில், ஒப்புதல் பெற்ற புதிய வரைபடம் அதே இடத்தை வளர்ந்த நகர்ப்பகுதி என்ற இரண்டாம் மண்டலத்தில் வைத்திருந்தது. கட்டிய நாளில் கிராமப்புறக் கடற்கரை என்ற மூன்றாம் மண்டலமாக இருந்ததால் இன்றைய வகைப்பாடு காப்பாற்றாது என்றது நீதிமன்றம். சட்டப்படி அது பிழையான வாதம் இல்லை. ஆனால் அதே கொச்சியில், சிலவன்னூர்க் காயலோரம் டி.எல்.எஃப். நிறுவனம் கட்டிய வளாகம் ஒரு கோடி ரூபாய் அபராதத்தோடு நிற்கட்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவை 2018 ஜனவரியில் உறுதிசெய்ததும் உச்ச நீதிமன்றமே. மும்பை ஆதர்ஷ் கட்டடத்தை இடிக்க 2016-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஒவ்வொரு வழக்கின் உண்மைகளும் வேறு என்று சக வழக்கறிஞர்கள் சொல்வார்கள், சரி. ஒரு சாதாரண மனிதர் இந்த மூன்றையும் படித்துவிட்டுத் தன் வழக்கு எப்படி முடியும் என்று கணிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. மரடில் வீடு வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன நீதிமன்றம், அதைக் கட்டுநர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. 

இப்போது நஷ்டஈடு. சொத்துரிமை 1978-இல் அரசியல் சட்டத்தின் 44-ஆவது திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 300-ஏ பிரிவில் சட்ட உரிமையாக வைக்கப்பட்டது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. நிலத்தையே எடுத்துக்கொண்டால் இழப்பீடு தர வேண்டும் என்பதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் நிலம் உங்களிடமே இருக்க, அதில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் குறுக்கினால் அது பறிப்பு ஆகுமா? நம் நீதிமன்றங்கள் பொதுவாக, ஆகாது என்றுதான் சொல்லி வந்திருக்கின்றன. வளர்ச்சித் தடைப் பகுதியிலும் விவசாயம், தோட்டம், பூங்கா, உப்பளம் ஆகியவற்றுக்கு அனுமதி இருப்பதால், பயன்பாடு முழுக்க அழிந்துவிடவில்லை என்று அரசு வழக்கறிஞர் எழுந்து சொல்வார். ஒன்றரை கிரவுண்டில் உப்பளம் போட்டு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம்; நானும் கேட்டிருக்கிறேன். மனை என்றே விற்கப்பட்ட துண்டு நிலத்தில் கட்டுமானத்தை முற்றாகத் தடுப்பது 300-ஏ பிரிவின்படி பறிப்புக்குச் சமம் என்று வாதிட இடம் இருக்கிறது என்பது என் கருத்து. அது கருத்துதான், அதை நம்பிச் செலவு செய்யும்படி எந்தக் கட்சிக்காரருக்கும் நான் சொல்வதில்லை.

வேறு நாட்டில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் டேவிட் லூகாஸ் என்பவர் 1986-இல் ஐல் ஆஃப் பாம்ஸ் தீவில் கடலோரமாக இரண்டு மனைகளை 9,75,000 டாலருக்கு வாங்கினார். 1988-இல் வந்த கடற்கரைச் சட்டம் அங்கே வீடு கட்டுவதைத் தடுத்தது. அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே வீடுகள் இருந்தன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலத்தின் பொருளாதாரப் பயன் அனைத்தையும் ஒரு விதி அழித்துவிட்டால், அந்தப் பயன்பாட்டை ஏற்கெனவே தடுக்கும் பழைய சொத்துச் சட்டக் கோட்பாடு ஏதும் இல்லாத வரை இழப்பீடு தர வேண்டும் என்று 1992-இல் தீர்ப்பு வந்தது. எனக்குச் சுவையாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. சமரசத்தில் சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்து மனைகளை வாங்கிக்கொண்ட மாநில அரசு, போட்ட பணத்தை எடுக்க அவற்றை வீடு கட்டுவதற்கே விற்றது. தன் பையிலிருந்து பணம் போகும்வரை அந்த மணல் விலைமதிப்பற்றதாக இருந்தது. பணம் கொடுக்க வேண்டும் என்றால் அரசு எந்தக் கடற்கரையையும் காக்காது என்று இதே கதையை வைத்து வாதிடும் சூழலியலாளர்கள் உண்டு; அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இந்தியா போன்ற நாட்டில் 200 மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு மனைக்கும் சந்தை விலை கொடுப்பது நடக்காது. மாற்று இடமோ, வேறிடத்தில் பயன்படுத்தும்படி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டட உரிமையோ தரலாம். குறைந்தபட்சம் வாங்கிய முத்திரைத் தீர்வையையாவது திருப்பித் தரலாம். இவற்றில் ஒன்றுகூட இந்த விதியில் எழுதப்படவில்லை.

மீனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரம்பரியக் கடலோர மக்கள் 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையில் வீடு கட்டிக்கொள்ள 2011 அறிவிக்கை வழிசெய்தது. அவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்று உங்கள் கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வலையும் படகும் கரையில் கிடக்கும்போது அவர்கள் வேறெங்கே வசிப்பார்கள்? அவர்களில் பலருக்கு உங்களிடம் இருக்கும் பட்டாகூட இல்லை. அந்த வாதத்தை மனுவில் எழுதாதீர்கள். உங்களுக்கு அது உதவாது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில், எந்த அறிவிக்கையின் கீழ், எந்தப் பத்தியின்படி, எந்த வரைபடத் தாளைப் பார்த்து மறுத்தார்கள் என்பதை எழுத்துப்பூர்வமாக வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2019 அறிவிக்கையின் தளர்வுகள், அதன்படி தயாரித்த வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த இடங்களில்தான் செல்லும். அதுவரை 2011-இன் விதிதான். உங்கள் கிராமம் எதில் இருக்கிறது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை அமைப்பில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு 1:4,000 அளவில், உங்கள் புலப்படத்தை மேலேற்றி, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் வரைபடம் வாங்குங்கள். செலவு வலிக்கும், ஆனால் அது இல்லாமல் பேச்சே இல்லை. மனையில் 1991-க்கு முந்தைய, அனுமதி பெற்ற வீடு ஏதாவது இருந்து, அதற்கு வரி ரசீது இருந்தால், அதே அடித்தளப் பரப்பில் புதுப்பித்துக் கட்டக் கேட்கலாம். அது தனிப் பாதை. விற்றவர் தடையைத் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் 1995 விற்பனைக்கு இப்போது காலவரம்பு பெரும் தடை. அதில் நான் நம்பிக்கை தர மாட்டேன்.

அனுமதி வரும் என்று ‘முதலில் காம்பவுண்டு போட்டுவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் தரகர் ஒருவர் நிச்சயம் உங்களிடம் வருவார். 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் சட்டத்தில் விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறது என்பதையும் அவர் சொல்வார். அது உண்மைதான். இடிக்கும் உத்தரவு அதனால் போய்விடவில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகக்கூடிய உத்தரவாக இருந்தால் கெடு 30 நாள். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. உங்கள் மறுப்புக் கடிதத்தின் தேதியை நீங்கள் எழுதவில்லை. அதை இன்றே எடுத்துப் பாருங்கள்.